வாய்

நர்ஸ் பூங்கோதை பேசுவதை
தக்கினியில் மாற்றிச் சொல்ல
என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
செக்கிங் டேபிளிலிருந்து ஒரு மணிநேரம்.
அதற்குக் கூலி கிடையாது.

"கருப்பை வாயிலெ பாக்கோணுமுங் அம்மிணி,
ஒண்ணும் பண்ணாதுங்."

என் தக்கினி
வெங்காய விலைக்கும் வீட்டுச் சண்டைக்கும் போதும்.
கருப்பைக்கு அதில் சொல் இருக்கலாம்.
எங்கள் வீட்டில் யாரும் அதை
உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை.
நெஞ்சுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே
எல்லாமே வயிறுதான் எங்களுக்கு.

மொமேனாவுக்கு அந்தத் தக்கினியும் பாதிதான்.
அவள் முர்ஷிதாபாத் பக்கம்.
திருப்பூர் வந்து ஏழு வருசம்,
தமிழில் எண்களும்
"சீக்கிரம்" என்பதும் தெரியும்.

வாயைப் பார்க்கணுமாம் என்றேன்.
முக்காட்டை ஒதுக்கி
ஆவென்று திறந்து காட்டினாள்.
வெற்றிலைக் கறை, கடைவாயில் ஒரு பல் இல்லை.
பூங்கோதை சிரிக்கவில்லை.
நான் சிரித்துவிட்டேன்.
இன்னும் கூசுகிறது.

பீஸ் ரேட் சீட்டின் பின்பக்கம்
பூங்கோதை படம் போட்டாள்,
தலைகீழாய்த் தொங்கும் பை,
கீழே குறுகல்.
மொமேனா அந்தக் குறுகலில் விரல் வைத்து
"கலா?" என்றாள்.
கழுத்து.
நாளுக்குப் பத்து மணிநேரம்
பனியனுக்கு அவள் பிடிப்பது அதைத்தான்.

அப்புறம் கேள்விகள்.
ஆம்பளை டாக்டரா?
சோதித்தால் ரத்தம் வருமா, நோன்பு என்னாவது?
கடைசியாக, என் காதருகில்:
தப்புப் பண்ணினவளுக்கு வருவதா இது?
இதை நான் தமிழில் மாற்றவில்லை.
எனக்கும் வரலாம் என்றேன்.
நீ பார்த்துக்கொண்டாயா என்றாள்.
ஆச்சு என்றேன்.
ஆகவில்லை.

நீங்களே எடுத்துக்கலாமுங் என்று
நீளக் குச்சி பிரஷ் ஒன்றைக் கொடுத்தாள் பூங்கோதை.
கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
வெளியே நான் முதுகு கொடுத்து நின்றேன்.
உள்ளே வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

படிவத்தில் செல் நம்பர் கேட்டது.
வீட்டில் ஒரே போன், அது ஹஃபிசுலின் சட்டைப் பையில்.
என் நம்பரைச் சொன்னேன்.

பத்தொன்பதாம் நாள்
கரண்டு போய் மிஷின்கள் நின்ற நேரம் வந்தது.
மொமேனா காதூன், வயது 36,
மேல்பரிசோதனைக்கு நேரில் வரவும்.
தமிழில்.
அவள் அன்றைக்கு லீவு.

பதினஞ்சு வேலம்பாளையத்தில் லைன் வீடு,
சாக்கடை தாண்டி ஆறாவது கதவு.
ஹஃபிசுல்தான் திறந்தான்.
முகமெல்லாம் சோப்பு நுரை.
பின்னால் ஸ்டவ் அருகே அவள்
கரண்டியோடு நிமிர்ந்தாள்.

வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போன வார்த்தைகள்
ஒன்றும் மேலே வரவில்லை.
கையை எடுத்து
என் கழுத்தில் வைத்தேன்.
அவள் திரும்பித் தீயைக் குறைத்தாள்.
ரொம்ப நேரம் குறைத்தாள்.

"என்னக்கா?" என்றான் ஹஃபிசுல்.
செவ்வாய்க்கிழமை ஓவர்டைம் என்றேன்,
ரெண்டு பேருக்கும்.

"டபுள் பேட்டாவா?" என்றான்.