வில்லங்கம்

வடக்கே ஜெராக்ஸ் கடை,
தெற்கே இளநீர் வண்டி,
கிழக்கே சுவர்,
மேற்கே சாலை தாண்டிச் சைதாப்பேட்டைச் சார்பதிவாளர் அலுவலகம்.
இந்த நான்கெல்லைக்குள் கட்டுப்பட்ட
நாற்பத்தெட்டுச் சதுரடியில்
பதினாறு வருடமாகப் பத்திரம் அடிக்கிறேன்.

ஐப்பசி மழையில் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது.
ஒரு கிரயப் பத்திரம் திறக்க
ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்.
அன்றிரவு தேடியபோது
தானாக முன்வந்து நின்றது அந்த மென்பொருள்.
இலவசமாகச் சோதிக்கிறேன் என்றது.
சோதித்தது.
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பிழைகள்,
சிவப்பில்.

பிழைப்பே இந்தப் பெட்டிதான்,
இதற்குள் இத்தனை பிழையா என்று கை நடுங்கிற்று.
எழுபது சதவீதத் தள்ளுபடி
இன்னும் ஒன்பது நிமிடம்தான் என
ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது.
ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
கார்டின் பின்பக்க மூன்று எண்ணைக் கேட்டது. கொடுத்தேன்.
கீழே பொடி எழுத்தில் முப்பது பக்கம் ஒப்பந்தம்.
"ஒவ்வொரு வரியும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று
வருகிற எல்லோரிடமும் சொல்கிறவள்
கடைசிவரை உருட்டிக்கொண்டு போய்
சம்மதம் என்ற இடத்தில் டிக் அடித்தேன்.
எழுதிக் கொடுத்தவள் நான்.
எழுதி வாங்கியவருக்குத்
தகப்பன் பெயர் இல்லை, கதவு எண் இல்லை.

காலையில் பார்த்தால்
வேண்டாத குப்பையென்று
என் தமிழ் எழுத்துருக்களைத் துடைத்திருந்தது.
பாகப்பிரிவினைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள்
தணிகாசலமும் அவர் தங்கை ஏகவல்லியும்,
நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு.
பதினொன்று நாற்பதுக்கு டோக்கன்.
திரையில் அவர்கள் அப்பாவின் பெயர்
ஆறு வெற்றுக் கட்டங்களாக நின்றது.
"எங்க மனையை இத்தனை துண்டாவா பிரிச்சிருக்கு?"
என்றாள் ஏகவல்லி.
தணிகாசலம் சிரித்துவிட்டு
உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உதவி எண்ணைக் கூப்பிட்டேன்.
என் பெயர் ரயன் என்று இங்கிலீஷில் தொடங்கியவன்
இன்னும் மூவாயிரம் கட்டினால்
ஆழமாகச் சுத்தம் செய்யலாம் என்றான்.
அவனுக்குப் பின்னால் யாரோ
"டேய், பிரியாணி வந்துருச்சு" என்றது கேட்டது.
"தம்பி, என் எழுத்தைத் திருப்பிக் குடு" என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு தாழ்ந்த குரலில்,
"கார்டை பிளாக் பண்ணிடுங்க மேடம்."
வைத்துவிட்டான்.

டோக்கனை மறுநாளுக்கு மாற்றிவிட்டு
பெட்டிக்குப் பாலிதீன் சுற்றி
ஆட்டோவில் மடியில் வைத்து ரிச்சி தெரு போனேன்.
இம்தியாஸ் மூடியைக் கழற்றி
விசிறியில் அடைந்த தூசியைப்
பெயிண்ட் பிரஷால் தட்டினான்.
ஒரு கரப்பான் இறக்கை விழுந்தது.
"இவ்ளோதான்க்கா."
அதே மென்பொருளை
அப்போதுதான் அட்டைப்பெட்டி பிரித்த
புது லேப்டாப்பில் போட்டுக் காட்டினான்.
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.
அதே சிவப்பு.
எழுத்துரு ஏற்றியதற்கும் சேர்த்து முந்நூறு ரூபாய்.
நீக்கு என்று அழுத்தியபோது
நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று
மூன்று முறை கேட்டது அது.
வாங்கும்போது ஒரு முறையும் கேட்கவில்லை.

மறுநாள் தணிகாசலம் பேனாவைத் திறந்தார்.
"நீங்க அடிச்சா சரியாத்தாம்மா இருக்கும்."
இதைக் கேட்டால் வழக்கமாக எனக்குப் பெருமை.
"இல்ல, படிங்க" என்று
பேனாவை வாங்கி வைத்துக்கொண்டேன்.
விரலால் வரியைத் தேய்த்துத் தேய்த்துப் படித்தார்.
ஏகவல்லி காலி நாற்காலிக்கு நகர்ந்து
அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது.
"கிணத்துக்கு மேற்கேன்னு இருக்கு.
கிழக்கே இல்ல?"

கிழக்கேதான்.
ஒரே ஒரு பிழை,
கறுப்பு எழுத்தில், சத்தம் போடாமல்.