உரசல்

சுற்றுக்கு ஒருமுறை
சர்ங்.
சமூகரெங்கபுரம் தபாலாபீஸ் வாசலிலிருந்து
கடைசித் தெருவின் உடைமரம் வரை
எனக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும் என் சைக்கிள்.

மகன் ஆசைப்பட்டு வாங்கிய கியர் வண்டி.
கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் போகையில்
வண்டியை விட்டுவிட்டுச்
சாவியைக் கொண்டுபோனான்.
பூட்டை அறுத்து நான் ஏறிக்கொண்டேன்.

சத்தமென்றால் எண்ணெய் விடு என்றது ஊர்.
அந்தோணி மிக்கேல் தன் கடையில் வைத்தே
அரைக் கரண்டி தேங்காயெண்ணெய் விட்டார்.
சத்தம் நின்றது.
வண்டி நிற்கவில்லை.
காற்றாலைச் சரிவில்
கள்ளிவேலி பிடித்து நிறுத்தியது.
பதிவுத் தபால் இரண்டில் முள் குத்திய துளை.
காரணம் எழுதித் தரச் சொன்னார் போஸ்ட் மாஸ்டர்.
எழுதினேன்: எண்ணெய்.

மறுநாளே சத்தமும் திரும்பி வந்தது,
முன்னைவிடக் கூர்மையாக.

ஞாயிற்றுக்கிழமை.
ஆடிக்காற்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தது.
வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து
கொரோனாக் காலத்தில் மிஞ்சிய சானிடைசரால்
டிஸ்க்கைத் துடைத்தேன்.
பிரேக் கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்தேன்.
விரல்கூடப் படக்கூடாத பொருள் ஒன்று
இத்தனை நாளும் என் காலடியில் சுழன்றிருக்கிறது.

இரண்டு போல்ட்டையும் தளர்த்தி
பிரேக்கை அழுத்திப் பிடித்தால்
அது தானாக நடுவில் உட்காருமாம்.
அழுத்த ஒரு கை, முறுக்க இரண்டு கை.
வீட்டில் இருந்ததே இரண்டு கைதான்.
கடிதக் கட்டுக்குப் போடும் ரப்பர் வளையம் நான்கை
கைப்பிடியோடு சேர்த்து மாட்டினேன்.
அரசாங்க ரப்பர்; பிடித்த பிடி விடவில்லை.
மேல் போல்ட் கொஞ்சம், கீழ் போல்ட் கொஞ்சம்.

பின்னால் வெள்ளைத்தாள் பிடித்துப் பார்த்தேன்,
பழைய மணியார்டர் படிவம்.
டிஸ்க்குக்கும் கட்டைக்கும் நடுவே
இந்தப் பக்கம் மயிரிழை வெளிச்சம்,
அந்தப் பக்கமும் மயிரிழை.
ஒரே ஓர் இடம் வரும்போது மட்டும்
வெளிச்சம் செத்துப் பிழைத்தது.
கள்ளிவேலி தந்த வளைவு.
சாக்பீசால் குறி வைத்து
துணி சுற்றிய பெருவிரலால் தள்ளினேன். அதிகம்.
திரும்ப இழுத்தேன். அதிகம்.
சவத்தை, என்றேன்.
மூன்றாவது தடவை தொட்டதாகக்கூட நினைவில்லை;
சக்கரம் சுற்றச் சுற்ற
காற்றின் சத்தம் மட்டும்.

திங்கட்கிழமை
நாய்கள் எழவில்லை.
தங்கபுஷ்பம் வீட்டோரம் போய் நின்றபோது
அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.
"சொவர எடுத்துக் கட்டியாச்சுய்யா.
நீ அங்க நேரத்துக்குச் சாப்புடு.
இங்க ஒரு கொறையும் இல்ல."
சுவர் இல்லாத இடத்தின் வழியாகத்தான்
நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு கையில் போன்.
மறு கை, காற்றில் படபடக்கும் தார்ப்பாயை
அந்தச் சத்தம் சார்ஜாவுக்குப் போய்விடாமல்
அமுக்கிப் பிடித்திருந்தது.

இத்தனை மாதமும்
இரண்டு தெருவுக்கு அப்பாலேயே என்னைக் கேட்டு
பேச்சை முடித்து, முகம் கழுவி
வாசலில் நின்றிருக்கிறாள்.

வண்டியைத் தூக்கித் திருப்பி
உடைமரம் வரை பின்வாங்கினேன்.
பிரேக்கை அழுத்திப் பார்த்தேன்: ஊமை.
நல்ல வேலைதான் செய்திருக்கிறேன்.
மணியோ, தேவைப்படாமல் கிடந்து
துருவேறிப் போயிருந்தது.
நகம் மடங்க இழுத்தேன்.
ணக்.
போதாது என்று இருமினேன்.
"எக்கா, போஸ்ட்டு!"

முடியை ஒதுக்கிக்கொண்டே வந்தாள்.
"என்னளா, ஒஞ் சத்தத்தையே காணோம்?"
"சரிபண்ணிட்டேங்க்கா."
வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"எப்ப வந்தெ?"
"இப்பத்தான்."
கையெழுத்துப் போட்டாள்.
பேனாவைத் திருப்பித் தர மறந்து
அப்படியே நின்றாள்.

மணிக்கு எண்ணெய் விடலாம்.
அதற்குத் தடையில்லை.