ஆழம் மூன்று மீட்டர்

காலை எட்டரைக்குத் தேர்வு.
முந்தின மதியமே பிர்னோவில் பேருந்து ஏறிவிட்டோம்
வெந்துலாவும் நானும்.
வெப்ப இயக்கவியல் குறிப்புகள் அவள் மடியில்,
பிராக் தாண்டும்வரை.

லைப்சிக்கில் ஒரு பழைய நீச்சல்குளம்.
தண்ணீரை இறைத்துவிட்டு
டிரம்ஸ்காரியை உள்ளே இறக்கியிருந்தார்கள்.
'ஆழம் மூன்று மீட்டர்' என்று
நீல ஓட்டில் எழுத்து, என் தலைக்கு மேலே.
நீந்தத் தெரியாது எனக்கு.
முதல் அடி விழுந்ததும்
மூச்சைப் பிடித்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

மூன்றாம் பாட்டில் மின்சாரம் போனது.
அவள் நிறுத்தவில்லை.
பக்கத்தில் யாரோ ஒரு செவிலி,
பணி முடிந்து அப்படியே வந்தவள்,
செருப்பைக் கழற்றித் தரையில் தட்டினாள்.
பிறகு எல்லோரும் தட்டினோம்.
விளக்கு திரும்பியபோது
யாருக்கும் அது பிடிக்கவில்லை.

இரவெல்லாம் நெடுஞ்சாலை. வெந்துலா தூங்கினாள்,
அவள் விரல்கள் தூங்கவில்லை.

தேர்வறையில் ஸ்க்ரிவானெக்
என் மணிக்கட்டிலிருந்த நுழைவு முத்திரையைப் பார்த்து
"என்ன சூத்திரம் இது?" என்றார்.
கழுவிவரச் சொன்னார்.
கழுவினேன். போகவில்லை.

நேரம் முடிந்ததென்று மூன்று தடவை சொன்னாராம்.
காதுக்குள் தண்ணீர் எனக்கு.