ஓல்டன் பணிமனை, இரவு இரண்டரை

முதல் வகுப்புப் பெட்டியில்
யாரோ பாதி குடித்து வைத்த கோப்பியை
வாளிக்குள் ஊற்றுகிறேன்.
ஐந்து ஃபிராங்க் எண்பது.
இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும்
விலைதான் முதலில் கையில் படுகிறது.

வீட்டில், அரிசி வாளிக்குப் பின்னால்
பிரிக்காத கடிதங்கள் பதினொன்று.
சன்னல் வைத்த உறைகள்.
உள்ளேயிருந்து என் பெயர்
என்னை எட்டிப் பார்க்கும்.

நெஞ்சை அடைக்கிறதென்று டொக்டரிடம் போகலாம்.
முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு
என் கைக்காசு.
ஆகவே நெஞ்சை அடைக்கவில்லை.

"ஒரே கண்ணாடியை மூன்றாம் தரம் துடைக்கிறாய்"
என்றாள் பெசார்த்தா.
அழுக்கு வெளிப்பக்கம் என்றேன்.
அவள் போகவில்லை.
கையுறையைக் கழற்றி,
எதிர் இருக்கையில் அமர்ந்து,
தன் கடன் எவ்வளவென்று சொன்னாள்
சப்பாத்து அளவு சொல்வதுபோல.

நானும் சொன்னேன்.
தமிழில் என்றால் உடைந்திருப்பேன்.
ஜெர்மனில் ஒன்றை முதலில் சொல்லி
பத்தைப் பிறகு சொல்ல வேண்டும்;
அந்தக் கவனத்தில் தப்பினேன்.

நேற்று இரண்டைப் பிரித்தேன்.
ஒன்று, தவணையாய்க் கட்டலாம் என்றது.
மற்றது
பழைய பேப்பர் எடுக்க நகராட்சி வரும் நாள்.
அது போன மாதமே வந்து போய்விட்டது.
தனியாக நின்று சிரித்தேன்.

சீட்டுக்காரத் தயாபரனிடம்
இந்தமுறை என்னை விடுங்கள் என்றேன்.
வணக்கம் சொல்லாமலே வெட்டினார்.

மிச்சம் ஒன்பது.

ஐந்து ஐம்பதுக்கு வண்டி வெளிக்கிடும்.
நான் துடைத்த இருக்கையில்
யாரோ சாய்ந்து கண்ணயர்வார்கள்.
நானும் போய்ப் படுப்பேன்,
போனை அரிசிக்குள் புதைத்து
மூடியை இறுக்கிவிட்டு.