மீன்முள்

பர்கண்டி எல்லையில்
எட்டு முழ அகல மதிலுக்கு
இருபத்தாறு கோடை கல் கொத்தினான் திபோ.
கூலிக்கணக்குக்காக
ஒவ்வொன்றிலும் ஒரு மீன்முள் குறி.

இந்தக் கோடையும் அதே குவாரிதான்.
முற்றுகையிட்ட பிரபுவுக்கு உருண்டைகள்.
பழகிய கை,
அவற்றிலும் மீன்முள்.

மதில்மேல் எண்ணெய் கொதித்தது.
ஏணியோடு ஒருவனும் வரவில்லை.
அப்பால், பார்லி வயலில்,
பதினாறு எருதுகள் இழுத்து வந்த வெண்கலக் குழாய்
நாளுக்கு ஏழு முறை இருமியது.
நடுநடுவே வினிகர் ஊற்றி ஆறவைத்தார்கள்.

வியாழன் மதியம் மதில் உட்கார்ந்தது.
புழுதி இறங்க மாலையாயிற்று.

கணக்கன் வந்தான்.
எது மதில், எது குண்டு,
அவனுக்குத் தெரியவில்லை.
சில்லுகளைப் புரட்டிப் புரட்டி
மீன்முள்ளை எண்ணி
நானூற்றுப் பதினொன்றுக்குக் காசு வைத்தான்.

திபோ திருத்தவில்லை.
ஒரு காசை மட்டும்
கடித்துப் பார்த்தான்.