ஆறாம் நாள்

நானுஓயா ஸ்டேஷன் வாசலில்
வேன் கதவைத் திறந்தபடியே
பதினொரு வருசமாக நான் சொல்வது:
நீர்வீழ்ச்சிக்குப் பத்து நிமிசம்,
தேயிலைக்குள் படம் பிடிக்கக் கால் மணி,
எல்ல பாலத்தில் ரயில் வரும்வரை.
ஊரை நறுக்கித் தட்டில் வைப்பது
எனக்குக் கைவந்த வேலை.

நேற்று இரவு இந்துராணி
அடைவு கடைக் கலண்டரில்
முடிந்துபோன ஜூனைக் கிழித்து
பின்பக்கத்தை என் முன்னால் வைத்தாள்.
"இப்ப நமக்கு ஒண்ணு போடுங்க. மார்ச்சுக்கு."

தைவான்.
ஃபோனில் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள்.
"வத்தாளங்கிழங்கு மாதிரி இருக்கே."
நம்ம தீவில் பாதி தேறும்.
சுற்றிவர ரயில். ஏறிய இடத்திலேயே
கொண்டுவந்து விட்டுவிடும்.
"பதுளையோட முடிஞ்சிராதா?"
முடியாது.

முதல் நாள் தைப்பே, இரவுச் சந்தை.
சிப்பி போட்ட முட்டைப் பொரியல் என்று எழுதினேன்.
விரலை மடக்கி எண்ணிவிட்டு
"அன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றாள்.
சிப்பியை வெட்டி
நாறும் தோஃபு என்று போட்டேன்.
சோயாதான், மரக்கறிதான்,
தெருமுனைக்கே வாடை வருமாம்.
"நெத்தலிக் கருவாடு வறுக்கிற லைன்ல பொறந்தவகிட்டயா?"
புளிக்கவைத்ததை வெள்ளிக்கிழமை தின்னலாமா என்பது மட்டும்
ஓரத்தில் ஒரு கேள்விக்குறியாக நிற்கிறது.

மூன்றாம் நாள் கிழக்குக் கரை.
ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல்,
ஜன்னல் சீட் யாருக்கு என்பதில்
ஒன்பதேகால் வரை சண்டை.
"போகும்போது நீங்க, வரும்போது நான்."
வருகிற வழியில் கடல் இருக்காது என்பதை
நான் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அலிஷான்.
மலை, மூடுபனி, தேயிலை.
பேனாவைப் பிடுங்கிக் கோடு போட்டாள்.
"காசு கட்டி இதைப் பார்க்கப் போகணுமா?
ஜன்னலைத் தொறங்க."
திறக்கவில்லை. மழை.

கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தோம்.
சீட்டில் எங்களுக்கு ஒன்பதாவது கை.
வேன் லீசிங் இன்னும் பதினாறு மாசம்.
விசாக் கடதாசி சென்னை வழியாகப் போகணுமாம்.
"நம்ம ஆளுங்க வந்த வழியில
கடதாசி மட்டும் திரும்பிப் போகுதா" என்றாள்.
தொகையை அவள் ஒருமுறை கூட்டினாள்,
நான் ஒருமுறை கூட்டினேன்.
இரண்டும் வேறு வேறு.
குறைந்ததை வைத்துக்கொண்டோம்.

பிறகு, யாரும் கேட்காமலே,
ஐந்தாம் நாளை அவளே மறுபடி எழுதினாள்.
ஃபெக்டரியில் இலை வாட்டும் தளத்தில்
பன்னிரண்டு வருசமாக நிற்கிறவள்.
"அங்க இலையைப் பாதியில நிறுத்திடுறாங்களாம்.
பச்சையுமில்ல, கறுப்புமில்ல.
எந்த நேரத்துல நிறுத்தணும்னு
எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?
மூக்காலயா, கையாலயா?
அதை மட்டும் கேக்கணும்.
கொழுந்து எடுக்கிறவங்களைப் படம் புடிக்கக் கூடாது,
சொல்லிட்டேன்."
நான் தினமும் ஒதுக்குகிற கால் மணி
அந்தப் படத்துக்குத்தான்.
பேனா மூடியைத் தேடினேன்.

ஆறாம் நாள் தெற்கே, கௌசியுங்.
துறைமுகம், படகு, மீன் சந்தை, விளக்குத் தெரு என்று
அடுக்கிக்கொண்டே போனேன்.
எல்லாவற்றுக்கும் குறுக்கே அவள் எழுதினாள்:
துணி துவைக்கணும்.

"அங்க போயுமா?"

"வெயில் ஊருன்னு போட்டிருக்கு.
காலைல போட்டா மத்தியானம் காஞ்சிடும்.
பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கலாம்."

அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில்
செவ்வாய்க்கிழமையிலிருந்து தொங்குகிறது
என் நீலச் சட்டை.
எழுந்து போய்க் கைமடிப்பைப் பிழிந்து பார்த்தாள்.
ஏழும் எட்டும் இன்னும் போடவில்லை.