எட்டு தசம் ஏழு

சனிக்கிழமை விடியப்புறம் மூன்றரைக்குத்
திறப்பைத் திருகினேன்.
டிக் டிக் டிக் என்றது,
கூரைக்குள் பல்லி சொன்ன மாதிரி.

செவ்வாயும் சனியும்
அருளப்புவை வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டும்.
இரத்தம் கழுவும் மெசினில் அவருக்கு ஆறு மணிக் கட்டில்.
பிந்தினால் கட்டில் இன்னொருவருக்கு.
லோகிதனை எழுப்பி
உழவு மிசினை முகத்துக்கு முகம் நிறுத்தி
வயரைக் கொழுவினோம். உடனே பிடித்தது.
அருளப்பு ஒன்றும் கேட்கவில்லை.
பையை மடியில் வைத்தபடி
கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஸ்ராட்டர் போட்டுது அக்கா,
இருபத்தெட்டு வரும்" என்றான்
ஒட்டுசுட்டான் சந்தியில் கராஜ்காரன்,
பொனற்றைத் திறக்காமலே.
ஸ்ராட்டர் செத்ததென்றால்
அடுத்தவன் கரண்டில் எப்படியடா பிடித்தது?
இதைக் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

என்னிடம் ஒரு மஞ்சள் மீற்றர் இருக்கிறது,
முல்லைத்தீவில் வாங்கியது, ஆயிரத்து இருநூறு.
அப்பச்சோடாவும் சுடுதண்ணியும் ஊற்றி
முனைகளின் பச்சைப் பூஞ்சணத்தைக் கழுவினேன்.
ஓட்டத்தில் பதினாலு தசம் ஒன்று காட்டியது:
ஓல்ரநேற்றர் தன் வேலையைச் செய்கிறது.
பிறகு இரவு முழுக்கக் காரை உறங்கவிட்டு
ஞாயிறு விடிய, ரோச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
பன்னிரண்டு தசம் இரண்டு.
ஒரு குறையும் இல்லாத ஆளின் இலக்கம்.

மகளை எழுப்பித் திறப்பைத் திருகச் சொன்னேன்.
பத்து. ஒன்பது.
எட்டு தசம் ஏழு.
அவள் கையை எடுத்ததும்
மெல்ல எழும்பிப் பன்னிரண்டுக்குக் கிட்ட வந்து நின்றது,
விழவேயில்லை என்பது போல.

சும்மா இருக்கும்போது எல்லாரும் பன்னிரண்டுதான்
என்று ஒரு பெரிய யோசனை வந்தது.
"அம்மா, நான் போய்ப் படுக்கவோ?" என்றாள் மகள்.

திங்கள். பத்தாம் நம்பர் சாவி.
கறுப்பை முதலில் கழற்றினேன்.
பழசை உரப்பையில் போட்டு ஆறரை பஸ்ஸில் ஏற்ற
தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது.
வவுனியாக் கடைக்காரன் அதைத் தராசில் வைத்து
மூவாயிரத்து எண்ணூறு கழித்தான்.
புதுசின் தலையில் மாதத்தை ஆணியால் கீறி
பதினெட்டு மாதத்துக்குத் துண்டு எழுதினான்.

திரும்பும் பஸ்ஸில்
கொண்டக்ரர் அதற்கும் ஒரு ரிக்கற் கிழித்தான்.
காலிடுக்கில் வைத்திருந்தேன்.
ஓமந்தை வந்தபோது
என் கை தானாகப் போய்
சால்வையை எடுத்து அதன்மேல் போட்டது.

யாரும் ஏறவில்லை.
யாரும் இறங்கச் சொல்லவில்லை.
வெறும் வெளி, ஒரு ரெலிபோன் கோபுரம்,
இளநீர் வெட்டிக்கொண்டிருந்த ஒருவன்.

விசுக்கோத்துப் பெட்டிக்குள் இரண்டு பென் பற்றரியோடு
சித்தப்பா பிடிபட்டது தாண்டிக்குளத்தில்.
எனக்கு ஒன்பது வயது.
றேடியோவுக்குக்கூட அல்ல,
சுவர் மணிக்கூட்டுக்கு.
மூன்றாம் நாள் அவரை விட்டார்கள்,
பற்றரியை விடவில்லை.
எல்லாம் முடிந்துவிட்டதென்று
இந்தக் கைக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

புளியங்குளத்தில் சால்வையை எடுத்தேன்.

வீட்டில் சிவப்பை முதலில் பூட்டினேன்.
கறுப்பு தொடும்போது ஒரு சின்னப் பொறி.
இறுக்கி, ஆட்டிப் பார்த்து, பொனற்றை அடித்துச் சாத்தினேன்.

செவ்வாய் மூன்றரை. ஒரே திருகல்.
சுற்றுமதிலில் படுத்திருந்த பூனை துள்ளி ஓடியது.

காரின் மணிக்கூடு மட்டும்
எல்லாவற்றையும் மறந்துவிட்டுப்
பன்னிரண்டு பூச்சியம் பூச்சியம் என்று
மினுங்கிக்கொண்டிருந்தது.
"பிழையாக் காட்டுது, பிள்ளை" என்றார் அருளப்பு.
ஊசித் தழும்பு புடைத்த கையை நீட்டி
அமத்தி, அமத்தி,
ஒன்று கூடிப் போக, திரும்பச் சுற்றிவந்து,
நெடுங்கேணிக்கு முன்னம் சரியாக்கினார்.
நாலு இருபத்தொன்று.

லைற்றைக் கூட்டிப் போட்டேன்.
தார் றோட்டின் சூட்டில்
மாடுகள் படுத்திருந்தன.